யாழ்ப்பாணத்தில குடியை விடுற கூட்டம்: முதல்தரம் போறது எப்பிடி?

கரவெட்டியான்:
வணக்கம். எனக்கு 41 வயசு, ரவுணில ஒரு ஹாட்வெயார் கடையில நிக்கிறன், ரெண்டு பிள்ளையள். நல்லூர் கொடியேறினா 25 நாளும் மச்சமும் இல்லை குடியும் இல்லை, மனிசி அந்த நாளுகளிலதான் நிம்மதியா நித்திரை கொள்ளுறவ. திருவிழா முடிஞ்சு ரெண்டு நாள் போகாது, திரும்பவும் பாருக்கு முன்னால என்ர மோட்டச்சைக்கிள் நிக்கும். நேர்த்தி வைச்சும் பாத்தன், மகளின்ர தலையில கை வைச்சு சத்தியம் பண்ணியும் பாத்தன். இப்ப ஆறேழு மாசமா விடியவே கேக்குது. போன போயாவுக்கு பார் பூட்டு, முதல் நாள் வாங்கி வைக்கேல்லை, மத்தியானத்துக்குள்ள கை நடுங்கி வேர்த்து ஊத்தீட்டுது, அண்டைக்குத்தான் உண்மையா பயந்தனான்.

ஏஏ (அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்) எண்டு குடியை விட நினைக்கிற ஆக்களின்ர கூட்டம் இருக்காம், அங்க போய் எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு கதைக்க வேணுமோ? சேர்ச்சிலதான் வைப்பினம் எண்டும் சொல்லுறாங்கள், நாங்கள் சைவம், வீட்டில என்ன நினைப்பினமோ தெரியேல்லை. எல்லாத்தையும் விட, எங்கட ஊரில ஆரும் கண்டா அடுத்த நாள் சந்தையிலயும் அதுதான் கதை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

இணுவில் அண்ணை:
தம்பி, ஒம்பது வருசத்துக்கு முன்னம் கொழும்பில வேலை செய்யேக்க முதல் கூட்டத்துக்குப் போனனான். வாசல்வரைக்கும் போய் ரெண்டு தரம் திரும்பி வந்து, மூண்டாந்தரம்தான் உள்ள போனன். உள்ள போனா ஒரு பத்துப் பேர், பிளேன்ரீ, பிளாஸ்ரிக் கதிரை. தொடக்கத்தில ஒரு வாசிப்பு, பிறகு ஒவ்வொருத்தரா தங்கட கதையைச் சொல்லுவினம், ஆரும் குறுக்க பேசமாட்டினம், புத்திமதி சொல்லமாட்டினம், அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல், ஏனெண்டா புத்திமதி நான் வீட்டில வேண்டின அளவு காணும். என்ர முறை வரேக்க "இண்டைக்குக் கேக்க வந்தனான்" எண்டு மட்டும் சொன்னன், அவ்வளவுதான், அடுத்த ஆள் கதைக்கத் தொடங்கீட்டார். முழுப் பேரும் கேக்கேல்லை, வேலையும் கேக்கேல்லை. காசும் கட்டத் தேவையில்லை, கடைசியில ஒரு தட்டு வரும், விருப்பமெண்டா போடலாம். குடியை நிப்பாட்ட வேணும் எண்ட விருப்பம் ஒண்டு இருந்தாக் காணும்.

சேர்ச் கதைக்கு வாறன். 1935இல அமெரிக்காவில அக்ரன் எண்ட ஊரில ரெண்டு குடிகாரர் ஒருத்தரோட ஒருத்தர் கதைச்சுத் தொடங்கின விசயம் இது. கடவுள் எண்ட சொல் வரும், ஆனா அவரவர் விளங்கிக்கொண்ட மாதிரி எண்டுதான் ஏஏ ஆக்கள் குடியை விடப் பின்பற்றுற 12 படியிலயே இருக்கு. எந்த மதத்தோடயும் சேர்ந்ததில்லை, சேர்ச் மண்டபத்தில வைக்கிறது இடம் கிடைக்கிறதாலதான். நான் திருநீறு பூசிக்கொண்டுதான் போறனான், என்ர முருகன்தான் எனக்கு.

ஊர்க்கண்ணுக்குப் பயமெண்டா ஃபோனில தொடங்குங்கோ. சென்னைப் பக்கம் தமிழிலயே சூம் கூட்டம் நடக்குது, நேரமும் எங்கட நேரம்தான். கமெராவை ஓஃப் பண்ணி, பேரை மாத்தி, காதில இயர்ஃபோனைப் போட்டுக்கொண்டு இருக்கலாம். ஓப்பின் கூட்டம் எண்டா வீட்டுக்காரரும் வரலாம், குளோஸ்ட் எண்டா குடியால கஷ்டப்படுற ஆக்களுக்கு மட்டும். ஒண்டு பிடிக்கேல்லையெண்டா விட்டிடாதேங்கோ, இன்னொண்டுக்குப் போய்ப் பாருங்கோ, எனக்கு நாலாவது கூட்டத்திலதான் மனம் ஒட்டினது.

பழைய நேர்ஸ்:
அண்ணை சொன்னதெல்லாம் சரி, ஆனா தம்பி, கூட்டத்துக்கு முன்னம் டொக்டர். விடியக் குடி, விட்டா நடுக்கம், வேர்வை எண்டா உடம்பு பழகீட்டுது எண்டு அர்த்தம். அப்பிடி இருக்கிற ஆள் வீட்டில ஒரேயடியா நிப்பாட்டக்கூடாது. நடுக்கம் ஆறு மணித்தியாலத்திலயே தொடங்கும், வலிப்பு வந்தா அனேகமா முதல் ரெண்டு நாளுக்குள்ள, மாறாட்டம் (ஆள், இடம் தெரியாமக் குழம்புறது) ரெண்டாம் மூண்டாம் நாளில வரலாம், சரியான நேரத்தில பாக்காட்டி உயிரே போகலாம். வார்டில வைச்சு குளிசை தந்து படிப்படியாக் குறைப்பினம், தயமின் எண்ட விற்றமினும் குடுப்பினம், ஒரு கிழமைக்குள்ள உடம்பு அடங்கும். "நல்லூருக்கு விட்டனான்தானே" எண்டு நினைக்காதேங்கோ, அப்ப நீங்கள் விடியக் குடிக்கேல்லை.

பெரியாஸ்பத்திரியிலயும் தெல்லிப்பழையிலயும் மனநலப் பகுதி இருக்கு, காசில்லை. பகிடி பண்ணுவினம் எண்டு நினைக்காதேங்கோ, அங்க வாறதில நிறையப் பேர் இதுக்குத்தான். இரவில தாங்கேலாட்டி 1926 எண்ட மனநல உதவி ஃபோன் இலக்கத்துக்கு அடியுங்கோ, தமிழிலயும் கதைப்பினம்.

மூண்டு பிள்ளையின்ர அம்மா:
நான் மற்றப் பக்கத்தில இருந்து எழுதுறன். இவர் குடிக்கேக்க நான் போத்தலை ஒளிச்சனான், தண்ணி கலந்தனான், கடைசியில எனக்குத்தான் பிறஷர் வந்தது. குடிக்கிற ஆக்களின்ர குடும்பத்துக்கெண்டே அல்-அனொன் எண்டு தனிக்கூட்டம் இருக்கு, 1951இல இருந்து நடக்குது, அதிலயும் தமிழ் ஆக்கள் ஒன்லைனில கதைக்கினம். உங்கட மனிசிக்கும் சொல்லுங்கோ தம்பி. நீங்கள் வார்டில இருக்கேக்க அவ தனிய அழுதுகொண்டு இருக்கக்கூடாது. இவர் விட்ட பிறகும் ரெண்டு தரம் விழுந்தவர், அப்ப நான் சண்டை பிடிக்கேல்லை, அவரின்ர ஸ்பொன்சருக்கு (முந்தியே குடியை விட்டு, கூட்டத்தில அவருக்குத் துணையா நிக்கிற ஆள்) அடிச்சு ஃபோனைக் கையில குடுத்தனான்.

கரவெட்டியான்:
எல்லாருக்கும் நன்றி, கடையின்ர பின்பக்கம் இருந்து வாசிச்சனான், கண் கலங்கீட்டுது. மனிசிக்கு இதை அப்பிடியே வாசிச்சுக் காட்டினன், அவ ஒண்டும் சொல்லேல்லை, நாளைக்குக் காலமை என்னோட ஆஸ்பத்திரிக்கு வாறன் எண்டு மட்டும் சொன்னவ. அண்ணை, அந்தச் சூம் கூட்டத்துக்கு எப்பிடிச் சேருறது எண்டு தனிப்பட்ட மெசேஜில அனுப்புவீங்களோ? வார்டில ஃபோன் வைச்சிருக்க விடுவினமோ?

பழைய நேர்ஸ்:
வார்டுக்கு வார்டு வித்தியாசம், போன உடன நேர்ஸிட்டயே கேளுங்கோ. காலமை வெள்ளனப் போங்கோ, அடையாள அட்டையும் பழைய கிளினிக் கொப்பியும் கொண்டு போங்கோ. இண்டைக்கு இரவு வலிப்பு, மாறாட்டம் மாதிரி ஏதும் கண்டா காலமைவரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.