பேலியோ (சோறு, சர்க்கரை மாதிரி மாவுச்சத்தைக் குறைக்கிற சாப்பாட்டு முறை) ஆரம்பிச்ச புதுசுல நடந்தது, மனசை விட்டுப் போகாத ஒண்ணு சொல்லுங்க

காவிரிக்கரை:
ஆரம்பிச்ச 6ஆம் நாள். காலையில 100 பாதாம், மதியம் முட்டை, ராத்திரி பனீர்னு ஓடிட்டிருந்துச்சு. கும்பகோணத்துல பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டி வந்துச்சு. இலை போட்டு வறுவல், கூட்டு எல்லாம் வெச்சுட்டு, அன்னக்கூடையோட வந்து குனிஞ்சாங்க. நான் இலைக்கு மேல ரெண்டு கையையும் குறுக்க நீட்டிட்டேன். "சாதம் வேண்டாம் பெரியம்மா, கூட்டும் தயிரும் போதும்." கரண்டி அப்படியே நின்னுச்சு. சாதத்தோட ஆவி என் புறங்கையில பட்டுது. ஒண்ணும் சொல்லாம அடுத்த இலைக்குப் போயிட்டாங்க. இப்ப 11 கிலோ குறைஞ்சிருக்கேன். ஆனா அந்த நிமிஷம் போகவே மாட்டேங்குது.

தாமிரபரணி:
எங்க அப்பாவுக்கு நடந்தது. 9 வருஷமா சுகர், கிளிமிபிரைடு மாத்திரை போடுறவரு. நான்தான் சோத்தை நிறுத்த வெச்சேன். மாத்திரையைப் பத்தி யோசிக்கவே இல்ல. மூணாம் நாள் காலையில பஸ் ஸ்டாண்டுல சட்டை பூரா வேர்வை, கை நடுங்குது. என் முகத்தைப் பார்த்து "நீங்க யாரு தம்பி?"ன்னு கேட்டாரு. பெத்த பிள்ளையை! சுகர் ரொம்ப இறங்கிடுச்சுன்னு டீக்கடைக்காரருக்குத்தான் புரிஞ்சுது. டம்ளர் தண்ணியில சர்க்கரையை அள்ளிப் போட்டு ஆத்திக் குடுத்தாரு. அரை மணி கழிச்சு வீட்டுல குத்திப் பார்த்தா அப்பவும் 68தான். அன்னைக்கே டாக்டர் மாத்திரையைக் குறைச்சாரு. "நீங்க யாரு"ங்கிற அந்தக் குரல் இன்னும் காதுல கேக்குது.

சேலத்தான்:
முதல் வாரம் 3.5 கிலோ இறங்கிச்சு. அடுத்த ரெண்டு வாரம் முள்ளு நகரவே இல்ல. ஒரு ராத்திரி 2 மணிக்குக் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிச்சு, கத்துன கத்துல குழந்தை எழுந்து அழுதுட்டா. காவிரிக்கரை அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, அன்னைக்கு ஒரு கரண்டி வாங்கியிருக்கலாம். ஒரு பிடி சோத்துல குடி முழுகிடாது.

அரும்பாக்கம் அண்ணன்:
சேலம் தம்பி, "ஒரு பிடி"ன்னு சொல்லித்தான் நிறையப் பேர் விட்டுடறாங்க. வடிச்ச சாதம் 100 கிராம்ல சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கு. மாவுச்சத்தை ரொம்பவே குறைக்கிற கண்டிப்பான கீட்டோ முறைக்கு அது ஒரு நாள் கணக்கையே தாண்டிடும். உங்களுக்கு முதல்ல இறங்கினதுல பெரும்பங்கு தண்ணி. ஈரல்லயும் தசையிலயும் உடம்பு சேமிச்சு வெச்சிருக்கிற மாவுச்சத்தான கிளைகோஜன் தன்னைப்போல மூணு பங்கு தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். அது கரையும்போது தண்ணியும் போகும், கூடவே உப்பும் போகும். தலைவலி, கால் இழுப்பு எல்லாம் அதனாலதான் வரும். பிரஷர் இல்லாதவங்க எலுமிச்சை ஜூஸ்ல உப்புப் போட்டுக் குடிங்க. பிரஷர் மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேக்காம உப்பைக் கூட்டாதீங்க. இன்சுலின் போடுறவங்க, தாமிரபரணி அப்பா மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க, டாபாகிளிஃப்ளோசின்ங்கிற சுகர் மாத்திரை எடுக்கிறவங்க, டாக்டர்கிட்ட சொல்லாம ஒரு வேளைச் சோத்தைக்கூட நிறுத்தக் கூடாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தப் பரிசோதனை எடுத்து வெச்சுக்கோங்க. கிட்னிக்கான கிரியாட்டினின், கொழுப்பு, மூணு மாச சர்க்கரை மூணும் பாருங்க. சில பேருக்கு எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு ஏறும், பழைய ரிப்போர்ட் இல்லேன்னா ஒப்பிட முடியாது. பாதாமை ராத்திரி ஊறவெச்சு, காயவெச்சு, நெய்யில வறுங்க. மாவுச்சத்தைக் குறைக்கிறது நேத்து முளைச்ச பழக்கமும் இல்ல. லண்டன்ல வில்லியம் பான்டிங்னு ஒருத்தர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைச்சதை 1863லயே சின்ன நூலாப் போட்டிருக்காரு.
என் கதை: பொண்ணு பிறந்தநாள் கேக்கை ஊட்ட வந்தா, நான் வாயைத் திறக்கல. அவளுக்கு அப்ப 4 வயசு. கேக்கைத் தட்டுல வெச்சுட்டு உள்ள போயிட்டா.

காவிரிக்கரை:
சேலத்தான் தம்பி, நீங்க சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல. அண்ணன் சொன்ன கணக்கும் எனக்குத் தெரியும். சாதத்தை மறுத்தது தப்புன்னு இப்பவும் நினைக்கல. ஆனா வர்றதுக்கு முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அன்னைக்குச் சாப்பிட்டு முடிச்சதும் என் இலையை மடிக்க விடாம பெரியம்மாவே எடுத்தாங்க. அப்ப மெதுவாச் சொன்னாங்க, "உனக்குக் குழையக் கூடாதுன்னுதான் தனியா வடிச்சேன்."