கூச்சமும் துள்ளலும் ஒருசேர உள்ள நாட்டு நாயை ஃபாஸ்டர் வீட்டிலிருந்து தத்தெடுக்கலாமா?

கேள்வி: மூன்றாம்மாடி

வணக்கம். சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவர், ஏழு வயது மகன், மாமியார், நான் என வீட்டில் நால்வர். தாம்பரத்தைத் தாண்டி ஒரு தன்னார்வலரின் வீட்டில் ஃபாஸ்டராக, அதாவது நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக, வளர்ந்து வரும் பத்து மாதப் பெண் நாட்டு நாயைத் தத்தெடுக்க விரும்புகிறோம். ஏறத்தாழ மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது மழைநீர் வடிகாலிலிருந்து மீட்கப்பட்டதாகச் சொன்னார்கள். கருத்தடையும் தடுப்பூசிகளும் முடிந்துவிட்டன.

நாங்கள் பார்க்கச் சென்றபோது, என் கணவரைக் கண்டதும் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்து மாமியாரின் சேலைத் தலைப்பை முகர்ந்து பார்த்தது. ஆனால் அந்த வீட்டில் உள்ள மற்ற இரண்டு நாய்களோடு சேர்ந்ததும் முற்றிலும் வேறொரு பிராணி போலாகி, மண் முற்றம் முழுவதும் புழுதி பறக்க ஓடியது. இத்தனை சுறுசுறுப்பு உள்ள நாய் மூன்றாம் மாடி வீட்டில் அடங்குமா, அதைக் களைப்படையச் செய்ய நாள்தோறும் எவ்வளவு தூரம் நடத்த வேண்டும், ஆண்களைக் கண்டால் வரும் பயம் போகுமா என்பவை எங்கள் கேள்விகள். இம்மாதக் கடைசியில் அழைத்துக்கொள்ளலாம் என்கிறார் அவர். தீபாவளி அதற்கு ஒரு வாரம் கழித்து வருகிறது. வீட்டு உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார்.

மறுமொழி 1: பழைய ஃபாஸ்டர்

சகோதரி, வணக்கம். நீங்கள் முற்றத்தில் பார்த்த துள்ளலை அந்த நாயின் இயல்பு என்று முழுமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகிய மண்ணும், பழகிய இரண்டு நாய்களும், பழகிய ஒரு மனிதரும் இருந்ததால் வந்த தைரியம் அது. உங்கள் வீட்டில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது என்பதால், முதல் நாட்களில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் கட்டிலடியை விட்டு வெளியே வராத ஒரு நாயைத்தான். அதைப் பார்த்து, "நல்ல சாதுவான நாய், அடுக்ககத்துக்கு ஏற்றது" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சில வாரங்களில் பயம் தளரும்போது துள்ளல் திரும்பி வரும். செருப்பைக் கடிப்பதும் சோபாவின் மேல் ஏறிக் குதிப்பதும் அப்போதுதான் தொடங்கும். மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கத்தைக் கற்கும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று உணரும் என்று மீட்புப் பணியில் உள்ளவர்கள் சொல்வதுண்டு. கூச்சமுள்ள நாய்களுக்கு அந்தக் கணக்கையும் தாராளமாக நீட்டித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம் நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில், தொடக்க வாரங்களில் தெருவில் நீண்ட நடை கூடவே கூடாது. பயந்த நாய்க்கு வேளச்சேரித் தெரு உடற்பயிற்சி தரும் இடமன்று. பேருந்தின் ஹாரன், தண்ணீர் லாரி, தங்கள் எல்லையைக் காக்கப் பாய்ந்து வரும் தெருநாய்கள் என ஒவ்வொன்றும் அதன் பதற்றத்தை முந்தையதன் மேல் அடுக்கிக்கொண்டே போகும். வீடு திரும்பியதும் அது பொத்தென்று படுத்துவிட்டால், களைத்துவிட்டது என்று நாம் மகிழ்ச்சியடைகிறோம். பல நேரங்களில் அது அச்சத்தால் ஒடுங்கிப்போன நிலையே தவிர நிறைவான களைப்பு அல்ல. அச்சத்தையும் ஆற்றலையும் தனித்தனியாகக் கையாளுங்கள். ஆற்றல் வீட்டுக்குள் செலவாகட்டும்; வெளியுலகம் சிறிது சிறிதாக அறிமுகமாகட்டும்.

வீட்டுக்குள் செய்வதற்கு நிறைய உண்டு. உணவைத் தட்டில் வைக்காமல் பழைய துண்டில் சுருட்டியோ, கசக்கிய செய்தித்தாள் நிறைந்த அட்டைப் பெட்டியில் ஒளித்தோ கொடுங்கள். மூக்கால் தேடி உண்பது இளம் நாயை அமைதிப்படுத்துவதில் ஓட்டத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் தயிர்சாதத்தை அடைத்து உறைய வைத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் போதிய உயரம் என்றால், வெயில் ஏறும் முன்பு நீளமான கயிற்றைக் கட்டி அங்கே விளையாட விடலாம். கயிறு இல்லாமல் ஒருபோதும் வேண்டாம். இளம் நாய்க்கு ஒரு நாளில் பாதிப் பொழுதுக்கு மேல் தூக்கம் தேவை என்பதையும் மறக்காதீர்கள். தூக்கம் கெட்ட நாய்தான் மாலையில் வெறிபிடித்தாற்போல் வீட்டைச் சுற்றி ஓடும். அதை இன்னும் களைப்படையச் செய்ய முயல்வது நிலைமையை மோசமாக்கும்.

ஆண்களிடம் உள்ள பயத்துக்கு வருகிறேன். நாய்க்குட்டி உலகத்தை அச்சமின்றி ஏற்கும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காவது வாரத்தோடு மூடத் தொடங்குகிறது. இவள் அந்தக் காலத்தைப் பெரும்பாலும் வடிகாலில் கழித்திருக்கிறாள். எனவே யாரோ ஓர் ஆண் அடித்திருப்பார் என்று கதை கட்டத் தேவையில்லை. ஆண்களைப் போதிய அளவு பார்க்காததே காரணமாக இருக்கலாம். உங்கள் கணவர் கையில் தின்பண்டத்தை வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டாம். பசி இழுக்க, பயம் தடுக்க, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து எடுத்துவிட்டு, அந்நியரின் கைக்கு இவ்வளவு அருகில் நிற்கிறோமே என்று திடீரென உணரும்போதுதான் சில நாய்கள் கடிக்கின்றன. அவர் பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்து, நாயைப் பாராமல், கோழித் துண்டை நாய்க்குப் பின்புறமாகத் தூக்கிப் போடட்டும். அது விலகிப் போய்த் தின்றுவிட்டுத் தானே திரும்பி வரும். எவ்வளவு நெருங்குவது என்பதை அதுவே தீர்மானிக்கட்டும்.

தீபாவளிக்கு முன் அழைத்து வராதீர்கள். காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று 2018 முதல் தமிழ்நாட்டில் வெடிக்கும் நேரம் வரையறுக்கப்பட்டு வந்தாலும், நடைமுறையில் தெரு எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புது வீட்டின் முதல் வாரமே வெடிச்சத்தத்தோடு பிணைந்துவிட்டால் அதை அவிழ்க்க மாதக்கணக்காகும். கார்த்திகை தீபம் கடந்த பிறகு அழைத்து வருவது இன்னும் நல்லது. தன்னார்வலர் உண்மையிலேயே நாயின் நலன் கருதுபவராக இருந்தால் காத்திருக்க மறுக்க மாட்டார்.

மறுமொழி 2: வேப்பேரி மாணவன்

மேலே உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் உடன்படுகிறேன்; உடல்நலம் பற்றிச் சில வார்த்தைகள் சேர்க்கிறேன். தடுப்பூசிகள் முடிந்துவிட்டன என்ற சொல்லோடு நிற்காமல் தடுப்பூசிக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டும் மருத்துவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்துக்கும் தேவைப்படும். அழைத்து வருமுன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. சென்னையில் உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா, பபேசியா நோய்கள் மிகச் சாதாரணம். எர்லிக்கியா வெளிப்படையான அறிகுறியின்றி உடம்பில் நீண்டகாலம் தங்கிவிடவும் கூடும். ஒதுங்கிப் படுத்திருப்பதைக் கூச்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அது காய்ச்சலாகவோ மூட்டு வலியாகவோ இருப்பதுண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். பத்து மாதம் என்பது விடலைப் பருவம். 2020இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மாத வயதில் "உட்கார்" என்றதும் உட்கார்ந்த நாய்கள் எட்டாம் மாதத்தில் தம்மை வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்தது. அறிமுகமற்றவர் சொன்னபோது அந்தக் குறைவு இல்லை. ஆகவே அவள் உங்கள் பேச்சைக் கேட்காத நாட்களில் அதை நன்றிகெட்டதனம் என்று எண்ண வேண்டாம். வீட்டில் விடலைப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

மறுமொழி 3: இரட்டைவால்

எல்லோரும் எப்படி அழைத்து வருவது என்றே பேசுகிறீர்கள். இந்த நாயை இந்த வீட்டுக்கு அழைத்து வரலாமா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. மற்ற நாய்களின் துணையில்தான் அவளுக்குத் தைரியம் வருகிறது என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெளிவாகத் தெரிகிறது. ஏற்கெனவே நிதானமான ஒரு நாய் இருக்கும் வீடு, அதுவும் மண்தரை உள்ள வீடு, அவளுக்கு உங்கள் வீட்டைவிடப் பொருத்தமானது என்பது என் எண்ணம். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அதே தன்னார்வலரிடம் மனிதரைக் கண்டால் வாலாட்டி ஓடி வரும், அடுக்ககத்துக்கு ஏற்ற வேறொரு நாய் இருக்கக்கூடும். ஏழு வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இன்னொன்று. எட்டத்திலேயே இருங்கள், தொடாதீர்கள் என்ற அறிவுரையையும் எல்லை மீறிக் கொண்டுபோக வேண்டாம். கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிலையத்தினர் தெருநாய்களிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பச் சந்தித்தபோது, உணவு கொடுத்தவரைவிடத் தடவிக்கொடுத்த அந்நியரையே அவை அதிகம் நம்பத் தொடங்கியது தெரியவந்தது. நம் நாட்டு நாய்கள் தொடுதலை விரும்பாதவை அல்ல.

மறுமொழி 4: பழைய ஃபாஸ்டர்

அந்த ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அதில் பங்குபெற்றவை தெருவில் தாமாக ஒருவரை அணுகவும் பிடிக்காவிட்டால் விலகிப் போகவும் வழியுள்ள நாய்கள். நான்கு சுவருக்குள் இருக்கும் நாய்க்கு அந்த வழி இல்லை. அவளாக வந்து உடலைச் சாய்த்தால் மார்பிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ இரண்டு மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். மீண்டும் கேட்டால் மீண்டும் தடவுங்கள். உதட்டை நக்குவது, காரணமின்றிக் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவை போதும் என்று அவள் சொல்வதாகும். மிகவும் பிடித்த தின்பண்டத்தையும் தொடாமல் நிற்கிறாள் என்றால் அச்சம் அளவு கடந்துவிட்டது. அங்கிருந்து அழைத்து வந்துவிடுங்கள்.

பொருத்தம் பற்றி மூன்றாம் மறுமொழியாளர் சொன்னது யோசிக்கத்தக்கது. இதற்கு ஊகத்தால் விடை காண்பதைவிட, சில வாரங்கள் வைத்துப் பார்த்துவிட்டுத் தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்திடும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பல தன்னார்வலர்கள் இதற்கு இணங்குவார்கள். திருப்பி அனுப்பும்படி நேர்ந்தால் அது அவமானம் என்று நினைக்காத தன்னார்வலரிடம்தான் நாயை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்: மூன்றாம்மாடி

அனைவருக்கும் மிக்க நன்றி. தன்னார்வலரிடம் பேசினேன், கார்த்திகைக்குப் பின் சோதனைக் காலத்துக்கு அனுப்புவதாகவும், அதுவரை வார இறுதிகளில் நாங்கள் அங்கே வந்து பழகலாம் என்றும் ஒப்புக்கொண்டார். இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. அவள் இதுவரை மண் முற்றத்தில் மட்டுமே சிறுநீர், மலம் கழித்துப் பழகியவள். டைல்ஸ் தரை உள்ள மூன்றாம் மாடியில் என்ன செய்வது? மகனுக்கு என்ன கட்டுப்பாடுகள் விதிக்க வேண்டும்? அடுக்ககச் சங்கத்தினர் மறுப்புத் தெரிவித்தால் என்ன செய்வது?

மறுமொழி 5: பழைய ஃபாஸ்டர்

அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் அந்த முற்றத்து மண்ணையே, அவளோ மற்ற நாய்களோ சிறுநீர் கழித்த இடத்திலிருந்து, அள்ளி வந்து பால்கனியில் வையுங்கள். மணம் பழகியதாக இருந்தால் தயக்கம் குறையும். முதல் நாள் பல மணி நேரம் அடக்கிக்கொள்ளக்கூடும். பதறாமல், உணவுக்குப் பின்னும் தூங்கி எழுந்ததும் அந்தத் தொட்டியருகே அழைத்துச் செல்லுங்கள். ஒரு நாள் முழுதும் கடந்தும் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். அவள் படுக்கும் துணியையும் துவைக்காமல் அப்படியே வாங்கி வாருங்கள். உணவையும் முதல் இரண்டு வாரம் அங்கே உண்டதையே கொடுங்கள்.

மகனுக்கு இரண்டு விதிகள் போதும்: அவள் படுத்திருக்கும் இடத்துக்கு அவன் போகக் கூடாது, வீட்டுக்குள் அவள் முன்னால் ஓடக் கூடாது. ஓடும் காலைக் கவ்வுவது இளம் நாயின் இயல்பு. பெரியவர் ஒருவர் இல்லாமல் இருவரையும் ஓர் அறையில் விட வேண்டாம்.

சங்கத்தைப் பொறுத்தவரை, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரும்பான்மைத் தீர்மானத்தின் பேரில்கூட வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்கிறது. ஆனால் வாடகை வீடு என்பதால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள், வாய்மொழி நிலைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் தத்தெடுத்த நாய்கள் காணாமற்போவது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். நாட்டு நாயின் தலை ஒடுக்கமானது. பயந்து பின்வாங்கினால் சாதாரணக் கழுத்துப்பட்டை காதுகளைத் தாண்டிக் கழன்றுவிடும். விலாவுக்குப் பின்னும் ஒரு வார் செல்லும் ஹார்னெஸும் (மார்பையும் உடலையும் சுற்றிக் கட்டும் வார்), இழுத்தால் சிறிது இறுகும் மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டையும் வாங்கி, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். இரு சக்கர வண்டியில் வேண்டாம். காரில், கூண்டில், பயணத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்தி அழைத்து வாருங்கள். பால்காரருக்கும் கூரியர்காரருக்கும் கதவு திறக்கும்போது நழுவாமலிருக்க வாசலுக்கு உட்புறம் குழந்தைகளுக்கான தடுப்பு ஒன்றைப் பொருத்துங்கள். அப்படியும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் மேலும் ஓடும். உட்கார்ந்து உணவைத் தரையில் சிதறவிட்டு, உடனே அந்தத் தன்னார்வலரை அழையுங்கள். அவருடைய குரலுக்குத்தான் அவள் திரும்பி வருவாள். உங்கள் கைப்பேசி எண் பொறித்த தகட்டை, அவளை அழைத்து வரும் நாளுக்கு முன்பே, தாம்பரத்து வீட்டிலேயே பட்டையில் கோர்த்துவிடுங்கள்.