தங்கமும் யூரோப்பியமும் நியூட்ரான் விண்மீன் மோதலில் மட்டும்தான் பிறந்தனவா?

வான்நோக்கி:
இரும்பைத் தாண்டிய அணுக்களில் ஏறக்குறைய பாதி, நியூட்ரான்களை மடமடவென விழுங்கித்தான் உருவாகின்றன. தங்கம், யூரோப்பியம் என்ற அரிய உலோகம் எல்லாம் இந்த வகை. அவை விண்மீன் திரள்களுக்கு நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த உட்கரு) மோதல்களால்தான் வந்தன என்கிறேன். 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலையோடு (ஈர்ப்பால் வெளியில் பரவும் அதிர்வு) அப்படியொரு மோதலின் ஒளியும் கிடைத்தது. முதலில் நீலமாக இருந்தது, சில நாட்களில் சிவந்துவிட்டது. புதிதாகப் பிறந்த லாந்தனைடுகள் (யூரோப்பியம் சேர்ந்த தனிமக் குடும்பம்) நீல ஒளியை மறைத்ததற்கான அடையாளம் அது. 2019-இல் அந்த ஒளியின் நிறமாலையில் ஸ்ட்ரான்சியம் என்ற கன தனிமத்தையும் கண்டார்கள். இதைவிட நேரடிச் சாட்சி வேண்டுமா?

பழையஒளி:
மோதலில் பிறக்கின்றன, சரி. ‘மோதலில் மட்டும்தான்’ என்பதைத்தான் மறுக்கிறேன். காலக்கணக்கு இடிக்கிறது. 1974-இல் கண்டுபிடித்த ஹல்ஸ்-டெய்லர் இணை (ஒன்றையொன்று சுற்றும் இரு நியூட்ரான் விண்மீன்கள்) மோத இன்னும் சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகும். ஆனால் சூரியனில் உள்ள இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்கே கொண்ட, அதாவது இரும்பு அதிகம் சேரும் முன்பே பிறந்த மிகப் பழைய விண்மீன்களிலும் யூரோப்பியம் இருக்கிறதே!

பால்வெளியின் வட்டுப் பகுதியையும் பாருங்கள். டைப் 1ஏ சூப்பர்நோவாக்கள் (வெள்ளைக் குள்ள விண்மீன்களின் வெடிப்புகள்) இரும்பைத் தாமதமாகத்தான் கொட்டுகின்றன. அதனால் இரும்பு கூடக்கூட, அதோடு ஒப்பிட்டால், பெரிய விண்மீன்கள் சீக்கிரமே வெடித்துத் தரும் மெக்னீசியம் குறைந்துகொண்டே வருகிறது. யூரோப்பியமும் அப்படியே குறைகிறது. மோதல்களும் தாமதமானவை என்றால் அந்தச் சரிவு வந்திருக்காது.

வான்நோக்கி:
எல்லா இணைகளும் அவ்வளவு காத்திருப்பதில்லை. 2003-இல் கண்டறிந்த இரட்டைப் பல்சர் (துடிப்புகளாக ரேடியோ அலை வீசும் இரு நியூட்ரான் விண்மீன்கள்) இன்னும் சுமார் 8.5 கோடி ஆண்டுகளில் மோதிவிடும். இதைவிட நெருக்கமாகப் பிறப்பவை இன்னும் சீக்கிரம் மோதும். அப்புறம் ரெட்டிகுலம் 2 என்ற குறுந்திரள், அதாவது மிகச் சிறிய விண்மீன் திரள். 2016-இல் அதில் 9 விண்மீன்களை ஆராய்ந்ததில் 7-இல் யூரோப்பியம் ஏராளம். அதே அளவுள்ள மற்ற குறுந்திரள்களில் அநேகமாக எதுவுமில்லை. சாதாரண சூப்பர்நோவாக்கள் காரணமென்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாவது இருந்திருக்கும்.

பழையஒளி:
நிகழ்வு அரிது என்பதற்குத்தான் அது ஆதாரம், மோதல் என்பதற்கு அல்ல. வேகமாகச் சுழலும் ஒரு பெரிய விண்மீன், வலுவான காந்தப்புலத்தோடு சரிந்து வெடிப்பதும் அரிதுதான். அதற்குக் காத்திருக்கவே தேவையில்லை. தவிர, சூப்பர்நோவா வெடிப்பின் உதையில் நியூட்ரான் விண்மீன் இணை, ஈர்ப்பு குறைந்த குறுந்திரளை விட்டே ஓடிவிடலாம்.

காந்தமுள்:
மேக்னடார்களை, அதாவது மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்களை, இருவருமே விட்டுவிட்டீர்கள். 2004 டிசம்பரில் ஒன்று பயங்கரமாக வெடித்தது. அதன் காமாக்கதிர்ப் பின்னொளி, புதிய கன அணுக்கள் சிதைந்ததால் வந்தது என்று 2025-இல் ஓர் ஆய்வு விளக்கியது.

வான்நோக்கி:
நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் கணக்கிலேயே மேக்னடார்களின் பங்கு 1 முதல் 10 சதவீதம்தான். மீதி முழுவதும் மோதல்கள் என்றே நான் நிற்கிறேன்.

பழையஒளி:
அப்படியானால் வட்டுப் பகுதியில் யூரோப்பியம் ஏன் மெக்னீசியத்தைப் போலவே குறைகிறது? அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.