எஞ்சினில் ஒட்டும் கரிக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பட்டர்வொர்த் ஆசிரியை, செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மண்டபத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயிற்சி நடக்கிறது. நம் மலேசியாவில் 1985இல் வந்த சாகா, 1994இல் வந்த கஞ்சில், இவற்றை இன்னும் விடாமல் ஓட்டுகிறவர்களுக்காகக் கையேட்டைத் தமிழில் தருவதாக ஒப்புக்கொண்டேன். பெட்ரோல் சரியாக எரியாமலும் எண்ணெய் ஆவி கலந்தும் வால்விலும் பிஸ்டன் தலையிலும் கறுப்பாக ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு என்ன சொல்? 'கரிப்படிவம்' என்று எழுதியிருந்தேன். தட்டச்சு செய்த பெண், "டீச்சர், இந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டாள். வெள்ளி நண்பகலுக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதன் காலை

அம்மா, 'படிவு' என்றாலே போதும். ஆற்றில் வண்டல் படிகிறது, எஞ்சினில் கரி படிகிறது. அதைவிட முக்கியமானது ஒன்று. 'கார்பன்' அயற்சொல் என்று எல்லாரும் நம்புகிறோம். இலத்தீனில் 'கார்போ' என்றால் அடுப்புக்கரி. நம் கரி கடல் கடந்து போயிருக்கிறது என்பதற்கு வேறு என்ன வேண்டும்? கருமை, கார், கரி எல்லாம் ஒரே வேர். யானை கரியானதும் நிறத்தால் என்பேன். 'இந்திரனே சாலுங் கரி' என்று வள்ளுவர் சான்றைக் கரி என்றதும், கருமையாகப் பதிந்தது எளிதில் அழியாது என்பதால்தான் என்பது என் துணிபு.

செந்தூல், புதன் மதியம்

ஐயாமேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது. மலாய்க்காரர் குழம்பைக் 'காரி' என்கிறார். அது நம் கறியிலிருந்து போனது என்பதற்கு வணிக வழி இருக்கிறது. 'கார்போ'வுக்கு உங்களிடம் என்ன கரி இருக்கிறது, ஐயா?

கிள்ளான், புதன் இரவு

நான் பட்டறைக்காரன். ஃபோர்மேன் என்பதைத் திரித்து என்னை எல்லாரும் போமன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு முதலில் ஒரு தமிழ்ச் சொல் கண்டுபிடியுங்கள். வருகிறவர்கள் "கார்பன் ஏறிவிட்டது" என்கிறார்கள், எனக்கு விளங்குகிறது. அக்கா, அப்படியே போடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. உங்கள் வரைவில் மூன்றாம் பத்தி 'எஞ்சினைக் கழுவுதல்' என்று தொடங்குகிறது. அதை மாற்றிவிடுங்கள். என் மாமா ஒருவர் இப்படிக் கழுவத்தான் போனார். அந்தக் காலத்துப் பட்டறைகளில், சூடான எஞ்சினை வேகமாக ஓடவிட்டு வேக்கம் குழாய் வழியாகத் துளித் துளியாகத் தண்ணீர் விடுவார்கள். நீராவி கரியை இளக்கும். மாமா அதைப் பாதி கேட்டுவிட்டு, கார்புரேட்டரில் ஒரு குவளைத் தண்ணீரையே ஊற்றினார். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. மேலே வந்த பிஸ்டனுக்குப் போக இடமில்லை. கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சின் நின்றுவிட்டது. வீட்டில் செய்வதென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்திகரிப்புத் திரவம் ஊற்றி ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றி, பிளக் துளைமேல் துணி போட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். பிறகு எஞ்சின் எண்ணெயைக் கட்டாயம் மாற்ற வேண்டும், ரிங் வழியாகத் திரவம் கீழே இறங்கியிருக்கும். இதில் கழுவுதல் எங்கே இருக்கிறது?

ஆயர் ஈத்தாம், வியாழன் காலை

தம்பி சொன்ன 'ஊறவிட வேண்டும்' என்பதைப் படித்ததும் எனக்கு அடுக்களை ஞாபகம் வந்தது. அடிப்பிடித்த சட்டியைப் பற்றுப் பாத்திரம் என்போமே, இப்போது பத்துப் பாத்திரம் ஆகிவிட்டது. அதையும் ஊறப்போட்டுத்தான் தேய்க்கிறோம். 'கரிப்பற்று' என்றால் என்ன?

பிரிக்பீல்ட்ஸ், வியாழன் மதியம்

பற்றை விட்டுத் தொலைக்கச் சொன்ன மரபு நம்முடையது. 'களிம்பு' என்ற அழகான சொல் இருக்க, அடுக்களைக்கு ஏன் போக வேண்டும்? செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தம் பேசுகிறதே.

செந்தூல், வியாழன் மாலை

ஐயா, அங்கேதான் இடிக்கிறது. செம்பின் களிம்பு உடன்பிறந்தது. அதனால்தான் உயிரோடு என்றும் ஒட்டியிருக்கும் ஆணவத்துக்கு உவமையாயிற்று. கரி ஓட்ட ஓட்டச் சேர்வது. வேண்டுமானால் செயலால் சேரும் கன்மத்தோடு சேருங்கள். மேலும் மருந்துக்கடையில் களிம்பு என்றால் தடவுகிற மருந்து. எவராவது பிஸ்டனுக்குத் தடவிவிடப் போகிறார்.

எனக்குக் கரிப்பற்று பிடித்திருக்கிறது. காரணத்தைக் கிள்ளான் அண்ணன்தான் உறுதி செய்ய வேண்டும். பிஸ்டன்மேல் ஒட்டிய கரி கங்காகக் கனன்றால், ஸ்பார்க் வரும் முன்பே பெட்ரோல் எரியத் தொடங்கும் அல்லவா?

கிள்ளான், வியாழன் இரவு

ஆமாம். மேடு ஏறும்போது டக் டக் என்று தட்டும். பல பேர் வால்வுச் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

செந்தூல், வியாழன் இரவு

அப்படியானால் ஒட்டுவதும் பற்று, தீப்பிடிப்பதும் பற்று. நோயும் அதன் விளைவும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

பட்டர்வொர்த், வெள்ளி காலை

இனி நேரமில்லை. தலைப்பில் கரிப்பற்று, உள்ளே முதல் முறை வரும்போது 'கார்பன் என்று நாம் சொல்லும் கரிப்பற்று'. கழுவுதல் போய் 'ஊறவைத்து நீக்குதல்' வந்துவிட்டது. நான்கு பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதிலே போடவில்லை. அச்சகம் அனுப்பிய முதல் படியில் 'கறிப்பற்று' என்று இருந்தது. பினாங்கில் அச்சுக் கோப்பவரைக் குறை சொல்ல முடியாது. சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். திருத்திக் கொடுத்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ், வெள்ளி மதியம்

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'பற்று' என்றால் கணக்கில் பற்று வரவு. அடுத்த பதிப்பில் 'படிவு' வர வேண்டும். 'கார்போ' பற்றித் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.