ஆறிக்கொண்டிருந்த திரவத்தின் வெப்பநிலை திடீரென ஏறியது ஏன்? உடனடி உதவி தேவை

வளைகோடு (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நாளை காலையில் செய்முறைப் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டியிருப்பதால் சுருக்கமாகவே கேட்கிறேன். வெண்ணிறப் படிகங்களைச் சோதனைக்குழாயில் உருக்கி, ஆறவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துவந்தேன். உருகுநிலையை எட்டியதும் வரைபடக் கோடு கிடையாக நிற்கும் என்று படித்திருக்கிறேன். என் கோடு அங்கே நிற்கவில்லை. அதையும் தாண்டி நெடுநேரம் சரிந்துகொண்டே போயிற்று. வெப்பமானியைச் சற்று அசைத்ததும் விறுவிறுவென்று மேலே ஏறி, அதன்பின்னரே கிடையாக நின்றது. அடுப்பை முன்பே அணைத்துவிட்டேன். அப்படியானால் அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? வெப்பமானி பழுதாகிவிட்டதா?

பாதரசத்துளி:
எந்தப் பொருள் என்பதைச் சொல்லவே இல்லையே. நாப்தலீன் என்றால் 80 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிக் அமிலம் என்றால் 69 என்று பார்க்க வேண்டும். எதுவரை இறங்கியது, எதுவரை ஏறியது என்ற எண்களையும் தாருங்கள்.

தூயபொருள்:
எனக்கு இதில் ஐயமே இல்லை, பொருளில் கலப்படம் இருக்கிறது. தூய பொருள் ஒரே வெப்பநிலையில் உறையும். கலவையோ ஒரு நெடுக்கத்தில் உறையும். பாரஃபின் மெழுகு பல ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால் அதன் குளிர்வுக் கோடு சாய்வாகவே இருக்கும். புதிய புட்டியிலிருந்து எடுத்து மறுபடி செய்யுங்கள்.

பாதரசத்துளி:
கலப்படம் உறைநிலையைத் தாழ்த்தும், கோட்டைச் சாய்க்கும். இறங்கிய வெப்பநிலையை மீண்டும் ஏற்றிவிடாது. வெப்பமானியின் குமிழ் குழாயின் சுவரை ஒட்டியிருந்ததா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

மூத்த ஆய்வாளர்:
இக்கேள்வி இங்கே பலமுறை வந்து, பலமுறை விடை பெற்றிருக்கிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது. பொருளின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் வரும் கேள்விக்கு விடை சொல்ல முனைவோரும் சற்றுப் பொறுமை காக்கலாம். இது மீக்குளிர்வு, அதாவது உறைநிலைக்குக் கீழே சென்ற பின்னும் திரவம் உறையாமல் திரவமாகவே இருப்பது. பாடநூலைப் புரட்டுங்கள்.

வளைகோடு:
மன்னிக்கவும் ஐயா. பொருள் சோடியம் தயோசல்பேட்டுப் படிகம். கொதிநீரில் குழாயை வைத்து முழுவதும் தெளியும்வரை உருக்கினேன். 31 வரை இறங்கியது. பிறகு 47-க்கு ஏறி நின்றது.

படிகவிதை:
இந்த எண்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. உங்கள் வெப்பமானி நன்றாகவே இருக்கிறது. ஐந்து நீர் மூலக்கூறுகளைக் கொண்ட சோடியம் தயோசல்பேட்டின் உருகுநிலை ஏறத்தாழ 48 டிகிரி. அதற்குக் கீழே வந்துவிட்டால் உடனே உறைந்தாக வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், உறைவதற்கு முதலில் ஒரு படிகக் கரு தோன்ற வேண்டும். மிகச் சிறிய கருவுக்கு அதன் கன அளவை நோக்கப் புறப்பரப்பு மிகுதி. அந்தப் பரப்பை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல், உறைவதால் கிடைக்கும் ஆதாயத்தை விஞ்சிவிடுவதால், ஒரு குறிப்பிட்ட அளவை எட்டாத கரு மீண்டும் திரவத்திலேயே கலைந்துபோகிறது. நீங்கள் ஒரு படிகமும் மிஞ்சாமல் உருக்கி, அசைக்காமல் ஆறவிட்டதால், திரவம் 31 வரை திரவமாகவே தங்கிற்று. வெப்பமானியை அசைத்தபோது, அதன் தண்டில் மேலே ஒட்டிக் காய்ந்திருந்த துகள் ஏதேனும் உள்ளே விழுந்து விதையாகியிருக்கலாம்.

இனி, வெப்பம் எங்கிருந்து வந்தது என்ற உங்கள் கேள்வி. உருக்கும்போது நீங்கள் கொடுத்த உள்ளுறை வெப்பம் இன்னும் அந்தத் திரவத்துக்குள்தான் இருந்தது. ஒரு கிலோகிராமுக்கு அது சுமார் 200 கிலோஜூல். திரவத்தை ஒரு டிகிரி உயர்த்தக் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல் போதும் என்று கொண்டால், 31-லிருந்து 48-க்கு உயர்த்த 41 கிலோஜூல்தான் வேண்டும். அதாவது, மொத்தப் பொருளில் ஐந்தில் ஒரு பங்கு உறைந்தாலே முழுக் குழாயும் உருகுநிலைக்குத் திரும்பிவிடும். எஞ்சிய நான்கு பங்கும் உறைந்து முடியும்வரை நீங்கள் கண்ட கிடைக்கோடு நீளும். வெப்பநிலை 48-ஐத் தாண்டவும் வழியில்லை. தாண்டினால் உறைந்தது மறுபடி உருகத் தொடங்கிவிடும். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தூயபொருள்:
அப்படியென்றால் 48 வராமல் 47 வந்ததற்கு என் கலப்படம்தான் காரணம்!

படிகவிதை:
ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு வெப்பமானியின் அளவுப்பிழையே போதும். குழாயைத் திறந்தபடி அதிகம் சூடாக்கிப் படிக நீர் ஓரளவு ஆவியாகியிருந்தாலும் இயைபு மாறும். குழாய் மூடியிருந்ததா?

பனித்துகள்:
தண்ணீரும் இப்படித்தான். ஃபாரன்ஹீட் 1724-லேயே நீரின் மீக்குளிர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். மேகங்களில் உள்ள நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரிக்கு அருகில்கூடத் திரவமாக இருக்கின்றன. வெந்நீர் குளிர்ந்த நீரைவிட விரைவில் உறைவதற்கும் இதுவே காரணம்: ஆறிய நீர் மீக்குளிர்ந்து காத்திருக்க, வெந்நீர் முந்திக்கொள்கிறது.

மூத்த ஆய்வாளர்:
நிறுவப்படாத ஒன்றைக் காரணத்தோடு விளக்குவது அறிவியல் ஆகாது. தான்சானியாவின் எம்பெம்பாவும் இயற்பியலர் ஆஸ்போர்னும் 1969-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கிய பேச்சு இது. 2016-இல் பரிட்ஜும் லிண்டனும் கவனமாக அளந்து, அத்தகைய விளைவுக்குச் சான்று காணவில்லை என்றே எழுதினார்கள்.

பனித்துகள்:
அவர்கள் அளந்தது நீர் சுழி டிகிரியை எட்டும் நேரத்தை; உறையத் தொடங்கும் நேரத்தை அல்ல. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. கரு எப்போது தோன்றும் என்பது ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது என்பதால், முந்துவதும் பிந்துவதும் நிகழத்தான் செய்யும்.

மூத்த ஆய்வாளர்:
ஒவ்வொரு முறையும் மாறுவதை விதி என்று சொல்லக் கூடாது. வெந்நீர் “விரைவில் உறையும்” என்று நீங்கள் எழுதியது விதியாகத்தான் ஒலிக்கிறது.

பாதரசத்துளி:
இருவரும் இதற்குத் தனி இழை தொடங்கலாமே. கேள்வி கேட்டவர் பதிவேட்டோடு காத்திருக்கிறார்.

வளைகோடு:
குழாய் திறந்தே இருந்தது. மறுபடி உருக்கி, பஞ்சால் மூடி, 46-இல் ஒரு சிறு படிகத்தைப் போட்டேன். உடனே ஏறி 48-க்கு அருகில் நின்றது. அனைவருக்கும் நன்றி. முதல் வரைபடத்தைக் கிழித்துவிடலாமா?

படிகவிதை:
கிழிக்க வேண்டாம். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, முதல் கோட்டின் பள்ளத்துக்கு அருகே “விதை இல்லை” என்றும், இரண்டாவதில் படிகத்தைப் போட்ட நொடியை அம்புக்குறியிட்டும் காட்டுங்கள். கிடைக்கோடுகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் அமைவதைத் தேர்வாளர் பார்க்கட்டும்.