20 குதிரைவலு மோட்டரில் ரியூப் இழுக்கலாமா?

ஏரிக்கரையான்:
வணக்கம். ஓகஸ்ட்டில் கனடாவின் பீற்றர்பறோவுக்கு வடக்கே ஒரு ஏரியோரம் கொட்டேஜ் (விடுமுறை வீடு) வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதோடு 14 அடி அலுமினியப் படகும் வருகிறது. 20 குதிரைவலு மோட்டர், கைபிடியால் திருப்புவது, அசல் மீன்பிடிப் படகு. மகனுக்கு 13, மகளுக்கு 9. படகின் பின்னால் கயிற்றில் கட்டி, ஆளை ஏற்றி இழுக்கிற காற்றடைத்த மிதவை இருக்கிறதல்லவா, அந்த ரியூப், ரியூப் என்று இரண்டும் உயிரை எடுக்குதுகள். இருவர் ஏறுகிற ரியூப் வாங்கலாமா? மைத்துனரோ 90 குதிரைவலு இல்லாமல் நினைத்தும் பார்க்காதே என்கிறார். படகு ஓட்டும் அட்டை என்னிடம் இருக்கிறது.

வல்வையான்:
தம்பி, மைத்துனர் பெரிய ஆட்களை இழுக்கிற கணக்கில் சொல்கிறார். பிள்ளைகளுக்கு மணிக்கு 20, 25 கிலோமீற்றர் போதும். அதற்கே ஊர் கேட்கக் கத்துவார்கள்.

சிக்கல் புறப்படும்போதுதான். படகு முதலில் மூக்கைத் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து, தண்ணீரை உழும். அதைத் தாண்டினால்தான் தண்ணீருக்கு மேலே வழுக்கி ஓடும். பின்னால் வருகிற ரியூபுக்கும் இதே பாடு. ஒரு பிள்ளையோடு உங்கள் மோட்டர் தாண்டிவிடும். இரண்டு பேர் என்றால் மோட்டர் முக்கும், படகு எழும்பாது. ஆகவே ஒருவர் ரியூபே வாங்குங்கள். நடுவில் ஓட்டை உள்ளது வேண்டாம், உடம்பு தண்ணீருக்குள் தொங்கி இழுவையைக் கூட்டும். குப்புறப் படுக்கிற தட்டையான வகை நல்லது. காற்றை இறுக்கி அடியுங்கள். தொய்ந்த ரியூப் நங்கூரம் மாதிரி.

கமலி_ஒஷாவா:
சட்டத்தை ஒருவரும் சொல்லவில்லையே! கனடாவில் ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் படகில் இருந்து, இழுபடுபவரைக் கவனிக்க வேண்டும். இழுபடுபவருக்கும் படகில் ஓர் இருக்கை வேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தால், மறுநாள் சூரியன் உதிக்கும்வரை இழுக்கக் கூடாது.

சின்ன மோட்டர்காரருக்கு இங்கேதான் இடி, கவனிப்பவரின் எடையும் சேர்கிறது. மைத்துனர் கனத்த ஆள் என்றால் கரையில் நிற்கட்டும். எடை குறைந்த பெரியவர் ஒருவரை முன்பக்கம், பின்னோக்கி இருத்துங்கள். மூக்கும் தணியும். ஐஸ் பெட்டி, மீன்பிடிச் சாமான் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

ஏரிக்கரையான்:
நன்றி அக்கா. மனைவிதான் அப்போ. கயிற்றை மோட்டரிலேயே கட்டலாமா?

வல்வையான்:
ஐயோ, மோட்டரில் கட்டவே கூடாது! திருப்பவும் முடியாது, மோட்டரைப் படகில் பிடித்திருக்கிற பூட்டும் ஆடிப்போகும். படகின் பின்பலகையின் இரு மூலையிலும் வளையம் இருக்கும். இரண்டிலும் கொளுவுகிற கவைக் கயிறு விற்கிறார்கள், அதன் நடுவில் இழுவைக் கயிறு. கைபிடி மோட்டர் என்பதால் கயிறு மோட்டரிலோ உங்கள் கையிலோ உரசாதா என்று கரையிலேயே பாருங்கள். கயிறு 15 முதல் 18 மீற்றர், ஒருவர் ரியூபுக்கு 1,500 இறாத்தல் தாங்குவது. மெல்லப் போய்க் கயிறு விறைத்த பிறகுதான் வேகம் கொடுக்க வேண்டும். மோட்டரை நிறுத்துகிற சுருள்கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும். விழுந்த பிள்ளையை ஏற்றும்போது மோட்டர் நின்றிருக்க வேண்டும், நியூட்ரல் போதாது.

நீர்க்காகம்:
படகு எழும்பக் கஷ்டப்பட்டால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் உதவும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். ஆனால் அது கொட்டேஜ்காரருடைய படகு, நீங்கள் கைவைக்க முடியாது. அதைவிட, ரியூப் வாங்குமுன் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். கொட்டேஜ் படகில் எதையும் இழுக்கக் கூடாது என்று சிலர் எழுதி வைத்திருப்பார்கள்.