வேகத்தைக் குறைத்தால் படகில் டீசல் மிச்சமாகுமா?

கொள்ளிடக்கரையான்:
எங்கள் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார்: பயணிகள் படகில் டீசலை மிச்சம் பிடிக்க வழியே கிடையாதாம், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு சோலார் படகு வாங்க வேண்டியதுதானாம். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. வைக்கத்தில் ஓடும் 'ஆதித்யா' சோலார் படகில் நானே போயிருக்கிறேன். 2017 ஜனவரியில் விட்டது, 75 பேர் போகலாம், கூரை முழுக்க சோலார் தகடு, பக்கத்தில் இருப்பவர் மெல்லப் பேசினாலும் கேட்கிறது. நல்ல படகுதான். ஆனால் அது நம் ஊருக்கு வரும்வரை இருக்கிற டீசல் படகை என்ன செய்வது? வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தாலே கால் பங்கு டீசல் மிச்சம். செலவு ஒரு பைசா கிடையாது.

நாகை இஞ்சின்:
கால் பங்கா? தம்பி, 31 வருஷம் விசைப்படகில் இஞ்சின் பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு மணி நேரத் தூரத்தைப் பத்து சதவீதம் குறைத்து ஓட்டினால் கிட்டத்தட்ட ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடம் இஞ்சின் என்ன பச்சைத் தண்ணீரிலா ஓடும்? கூட்டிக் கழித்தால் எல்லாம் ஒன்றுதான்.

மன்னார்குடி கணக்கு:
ஒன்றல்ல ஐயா. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகுக்கு வேண்டிய சக்தி, ஏறக்குறைய வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். 0.9-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 0.729. மீதி 27 சதவீதம் மிச்சம். கொள்ளிடக்கரையான் சொன்ன கால் பங்கு சரி.

நாகை இஞ்சின்:
ஏழு நிமிடத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

சீர்காழி செல்வி:
அந்த ஏழு நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு நடைக்கு 0.81 வரும். அதாவது 19 சதவீதம் மிச்சம். மணிக்கு எவ்வளவு என்று சார் சொல்கிறார், நடைக்கு எவ்வளவு என்று அண்ணன் கேட்கிறார்.

மன்னார்குடி கணக்கு:
நான் போட்ட கணக்கில் பிழை இல்லை அம்மா. 27 சதவீதம்தான்.

நாகை இஞ்சின்:
பார்த்தீர்களா, 25 என்றார்கள், 27 என்றார்கள், இப்போது 19. நாளைக்குள் என் கணக்குக்கே வந்துவிடுவார்கள். நான் டாங்கில் குச்சி விட்டு அளந்தவன். குச்சியில் ஈரம் எதுவரை இருக்கிறதோ அதுதான் கணக்கு. இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய இஞ்சினை லோடு இல்லாமல் உருட்டிக்கொண்டே இருந்தால் கரி கட்டும், டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். அந்தச் செலவை யார் கொடுப்பது?

ஜாம்புவானோடை:
அண்ணே, பத்து சதவீதம் குறைத்தால் எப்படி லோடு இல்லாமல் போகும்? முத்துப்பேட்டை கோரையாற்றில் வந்து பாருங்கள். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனால் படகின் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும், பின்னால் சேறு கலங்கி டீ மாதிரி வரும். கிளப்பிய அலை அலையாத்தி மரத்து வேரில் போய்ப் படார் படாரென்று அடிக்கும். அந்த அலை முழுக்க நாம் ஊற்றிய டீசல்தான் அண்ணே! அந்த இடத்தில் கொஞ்சம் குறைத்தால் போதும், படகு மட்டமாகிவிடும், அலையும் படுத்துவிடும். பிச்சாவரத்திலும் இதே கதைதான்.

திருவாரூர் தேர்:
டெல்டா படகைப் பற்றிப் பேசும்போது பிச்சாவரம் எதற்கு? அது கடலூர் மாவட்டம்.

கிள்ளை வாசி:
மாவட்டம் கடலூர் என்றால் தண்ணீரும் வேறா? எங்களுக்கும் கொள்ளிடத் தண்ணீர்தான். டெல்டாவுக்கென்று வந்த 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலேயே கடலூர் மாவட்டத்தின் சில ஒன்றியங்கள் இருக்கின்றன. தேர் ஓடுகிற ஊர்தான் டெல்டா என்று யார் எழுதி வைத்தது?

திருவாரூர் தேர்:
சட்டத்தில் இருந்தால் டெல்டா ஆகிவிடுமா? தண்ணீருக்கு நாங்கள் போராடிய நாளெல்லாம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

டிப்போ ஓட்டுநர்:
நான் பஸ்காரன். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போர்டில் பெயர் போட்டு எழுதுவார்கள். என் பெயர் பல மாதம் கடைசியில் இருந்தது. ரோடு யாருடையது, வண்டி எத்தனை வருஷம் ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. படகிலும் கடைசியில் பழி ஓட்டுகிறவன் தலையில்தான் விடியும். அதனால் நாகை அண்ணன் பக்கம் நான்.

நாகை இஞ்சின்:
அப்படிச் சொல்லுங்கள்! ஓட்டுகிறவனைக் குறை சொல்வதற்கு முன் படகின் அடிவயிற்றைப் பாருங்கள். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றினால் தெரியும். ஒரு வருஷம் நாலு பேர் உட்கார்ந்து சுரண்டினோம், அடியில் ஓடு மாதிரி ஒட்டி வளர்கிற கொட்டலசு அன்னக்கூடை அன்னக்கூடையாக விழுந்தது. கை முழுக்கக் கீறல். பெயிண்ட் அடித்து இறக்கினால் அதே படகு, அதே இஞ்சின், மீனைப் போல வழுக்கிக்கொண்டு போனது. மிச்சம் அங்கே இருக்கிறது. வளைந்த ப்ரொப்பல்லரை மாற்றுவதில் இருக்கிறது. ஏழு நிமிடத்தில் இல்லை.

கொள்ளிடக்கரையான்:
சுரண்ட வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சுரண்டிவிட்டு மெதுவாகவும் போங்கள். கொச்சியில் 2023-இல் பேட்டரிப் படகே விட்டுவிட்டார்கள், நாம் இன்னும் குச்சி விட்டு அளந்துகொண்டிருக்கிறோம்.

நாகை இஞ்சின்:
அந்தக் குச்சிதான் உங்கள் ஊருக்கு மீன் கொண்டுவந்தது தம்பி. அதைக் கேவலமாகப் பேசாதே.

சீர்காழி செல்வி:
அண்ணே, குச்சியை யாரும் கேவலமாகச் சொல்லவில்லை. ஒரே துறை, ஒரே ஆள் கணக்கு, ஒரு நாள் வழக்கமான வேகம், மறுநாள் குறைந்த வேகம். நடை முடிந்ததும் அதே குச்சியை விட்டுப் பார்க்கலாமே.

நாகை இஞ்சின்:
ஒரு நாள் நீரோட்டம் ஏறும், மறுநாள் இறங்கும். வாடைக்காற்று ஒரு பக்கம். கடலில் 'ஒரே மாதிரி' என்று ஒரு நாள் உண்டா?

மன்னார்குடி கணக்கு:
அதற்குத்தான் கணக்கு. 0.729.

கிள்ளை வாசி:
திருவாரூர்காரர் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

நாகை இஞ்சின்:
எனக்கும்தான். அந்த ஏழு நிமிடம்?